ஒன்றை அழுத்திய ஊர்

லோகப்பிரியாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. இதைக் குறை என்று சொல்வதா, குணம் என்று சொல்வதா என்று அவள் வீட்டுக்காரருக்கே இன்றுவரை பிடிபடவில்லை. வாசலில் வந்து நின்றவர்களின் மனம் கோணக்கூடாதே என்று வாங்கிய குக்கர்கள் பரண்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தால் மூன்று பேரிடமும் கட்டாயம் வருகிறேன் என்பாள். சொன்னபடி மூன்று பந்தியிலும் உட்கார்ந்து எழுந்துவிட்டு, சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

இப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் மாநில அரசு, மக்களின் குறைகளைக் கேட்கும் வேலைக்குத் தலைமை தாங்க வைத்திருந்தது. கோவை சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகை மாடியில் அந்தப் பிரிவின் அலுவலகம். அதே சாலையில் கண்ணாடி போர்த்திய ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் மென்பொருள் எழுதிவிட்டு, சொந்த ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்ற ஆசையில் அரசு வேலைக்கு வந்தவள் அவள். அவள் உருவாக்கிய சேவைக்குப் பெயர் 'கேளுங்க'. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால், போன் போட்டு வாயால் சொன்னால் போதும். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டுமோ அந்த அலுவலகத்துக்குப் புகார் தானாகப் போய்ச் சேரும். வேலை முடிந்தது என்று அவர்கள் படத்தோடு பதில் அனுப்பியதும், புகார் கொடுத்தவருக்கு இயந்திரம் திரும்பப் போன் போட்டு விசாரிக்கும்.

இந்தத் திரும்ப விசாரிக்கும் குரலில்தான் முதலில் சண்டை வந்தது. சென்னையிலிருந்து ஒரு குரல் பதிவாகி வந்தது. தங்களது புகார் தீர்வு செய்யப்பட்டுவிட்டதாக அறியப்படுகிறது என்று அது ஆரம்பிப்பதற்குள் இங்கே பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். வீட்டு வரி பாக்கி கேட்கிறார்கள் என்று நினைத்துப் பயந்தவர்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் லோகப்பிரியா பிடிவாதமாக நின்றாள். குரல் கலைஞருக்குக் கொடுக்க நிதி இல்லை என்றார்கள். சரி என்று, பழைய நாற்காலிகள் போட்டிருந்த அறைக்குள் போய், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கத் தலைமேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு, அவளே பேசிப் பதிவு செய்தாள்.

"ஏனுங்க, வணக்கமுங்க. கேளுங்க ஆபீஸ்ல இருந்து பேசறனுங்க. சாப்ட்டீங்களா? நீங்க சொன்ன வேலை நல்லபடியா முடிஞ்சுதுங்களா? முடிஞ்சிருந்தா ஒண்ணை அழுத்துங்க. முடியலீன்னா ரெண்டை அழுத்துங்க. போனை வெச்சரட்டுங்களா?"

அதற்குப் பிறகு ஒருவரும் போனைப் பாதியில் வைக்கவில்லை. கோவை மாவட்டம் முழுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஒன்றை அழுத்தினார்கள். அன்னூர்ப் பக்கத்தில் சில ஊர்களில் ரெண்டை அழுத்த ஆளே இல்லை. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் லோகப்பிரியாவுக்கு உச்சி குளிர்ந்தது. சுவரில் தொங்கிய பெரிய திரையில் மாவட்டமே பச்சைப் பசேல் என்று, ஐப்பசி மழைக்குப் பிறகு பார்க்கிற சோளக்காடு மாதிரி இருந்தது.

துறைச் செயலர் கிருபாசங்கர் சென்னைக்காரர். வேகமான ஆள், நல்ல மனுஷன், எண்களின்மேல் தீராத காதல் கொண்டவர். அவர் ஒரு திங்கட்கிழமை காலையில் போன் போட்டு, எதிரில் இருப்பவர் மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல் பேசினார். வருகிற வாரம் வெள்ளிக்கிழமை கோவையில் விழா. 'கேளுங்க' மாநிலம் முழுவதற்கும் விரிகிறது. விழா நன்றாக நடந்தால் பிரிவு நிரந்தரமாகி சரவணம்பட்டியிலேயே இருக்கும். தள்ளிப்போனால் இந்த நிதியாண்டில் அதற்கு வழி இல்லை, பிரிவைத் தலைமையகத்தோடு சேர்த்துவிடுவார்கள். அதனால் எதுவும் தப்பாகிவிடக்கூடாது. மேடையில் பேச ஒரு திருப்தியான பயனாளி வேண்டும். எல்லாம் முடியும்தானே?

"சரிங்க சார்" என்றாள் லோகப்பிரியா.

பக்கத்தில் இருந்த முகமது ரியாஸ் சிரித்தான். கோவை கணபதியில் வீடு, கையில் எப்போதும் மடிக்கணினி, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். திரையில் ஓடும் எண்களையெல்லாம் கட்டியவன் அவன்தான். "மேடம், ஆண்டவன் உங்களைப் படைக்கறப்ப ரெண்டாம் நம்பர் பட்டனை வெக்க மறந்துட்டானுங்க" என்றான். அவள் முறைத்தாள். ஆனால் அவள் மனசில் வேறு கவலை ஓடிக்கொண்டிருந்தது. பிரிவு சென்னைக்குப் போனால் ரியாஸ் உள்பட ஒப்பந்தத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு திக்காகப் போக வேண்டியதுதான். இந்த மண்ணில், இந்த மண்ணின் பேச்சில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது, அது நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மேடைக்கு ஆள் தேடுவது சுலபமாக இருந்தது. வேலாங்காட்டுப்புதூர் நஞ்சப்பன் என்பவர் ஒரே தெருவிளக்கு விஷயமாகத் திரும்பத் திரும்பப் போன் போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஆள் வந்து பார்த்து, விளக்கு பிரகாசமாக எரியும் படத்தை அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் நஞ்சப்பன் ஒன்றை அழுத்தியிருந்தார். அரசாங்கத்தின்மேல் இத்தனை பிரியம் வைத்த மனுஷனை விட்டால் வேறு யார் என்று, மறுநாளே அவரை அழைக்க இருவரும் காரில் கிளம்பினார்கள்.

அன்னூர் தாண்டி, இரண்டு பக்கமும் வேலி போட்ட மண்பாதையில் கார் குலுங்கிக்கொண்டு போய் ஊருக்குள் நுழைந்தபோது நல்ல உச்சி வெயில். முதலில் பார்த்தவன் ரியாஸ். அவன் விரலை நீட்டினான். தெரு நெடுக அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மண்டையைப் பிளக்கும் வெயிலில், தன்னால் முடிந்த வெளிச்சத்தைத் தானும் தருகிறேன் என்று ஒவ்வொரு கம்பமும் உழைத்துக்கொண்டிருந்தது.

லோகப்பிரியா கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிறகு இறங்கி, நஞ்சப்பன் வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களா?" என்று கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம போன்ல பேசற அம்மணிங்களா!" என்றவர், உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "அன்பு, இங்க யாரு வந்திருக்கறாங்கன்னு பாரு. சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்கல்ல, அவிய."

மனைவி அன்புக்கரசி வந்தார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். தினமும் விசாரிக்கிற பெண் நேரில் வந்திருக்கிறாள் என்று செய்தி பரவி, கொஞ்ச நேரத்தில் ஒரு சீர் வரிசைக்கான கூட்டம் சேர்ந்துவிட்டது. மோர் வந்தது, இளநீர் வந்தது, மறுபடி மோர் வந்தது. லோகப்பிரியா எல்லாவற்றையும் குடித்தாள். பிறகு மெதுவாக, விளக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்றார் நஞ்சப்பன். பளிச்சென்று எரிகிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேலை செய்ய வந்த பையன் தங்கமான பையன் என்றார் இன்னொருவர். ராத்திரியில் எப்படி என்று ரியாஸ் கேட்டான். எல்லோரும் மோர்ச் சொம்பைப் பார்த்தார்கள்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று அன்புக்கரசி இலை போட்டுவிட்டார். அரிசிம்பருப்பும், தட்டப்பயறுக் குழம்பும், அப்பளமும். நெய்யை ஊற்றிவிட்டு அன்புக்கரசி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அருமைங்க என்றாள் லோகப்பிரியா. அன்புக்கரசி நகரவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மணி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எனக்கு நாலு நாளாச் சளிங்க, நாக்குல ருசியே தெரியலீங்க. உப்பு, காரமெல்லாம் சரியா இருக்குதுங்களா? சொன்னீங்கன்னா அடுத்த பந்திக்குச் சரி பண்ணிப்போடுவேன்" என்றார்.

"குழம்புல உப்பு கொஞ்சம் கம்மிங்க" என்றாள் லோகப்பிரியா. யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

அன்புக்கரசி சந்தோஷமாக உப்பு ஜாடியை எடுக்கப் போனார். லோகப்பிரியாவோ பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது அருமை என்றவள், ஒத்தாசை பண்ணுங்க என்றதும் உப்பில்லை என்று சொல்லிவிட்டாளே. தன் வாயே தனக்கு விளங்கவில்லையே என்று வியந்தாள். அப்புறம் இலையிலிருந்து நிமிர்ந்து நஞ்சப்பனைப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. இந்த விளக்குல எங்க தப்பு நடந்துதுன்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க சொன்னாத்தான் என்னால சரி பண்ண முடியும்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நாலு மாசத்துக்கு முன்னால் பெரிய காற்று அடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்தபோது, தெருவிளக்கைப் போட்டு அணைக்கிற பெட்டிக்குள் இருக்கிற கடிகாரத்துக்குப் பகலும் ராத்திரியும் மாறிப்போய்விட்டது. விடிந்தால் எரிகிறது, பொழுது சாய்ந்தால் அணைந்துவிடுகிறது. புகார் சொன்னால் பாவம், அந்தப் பையன் பகலில் வருகிறான். விளக்கு எரிகிறது. படம் எடுத்துக்கொண்டு போகிறான். நஞ்சப்பன் எருமை கட்டியிருக்கும் கட்டுத்தரைக்கு டார்ச் அடித்துக்கொண்டுதான் போகிறார். அன்புக்கரசி சாக்கடையில் கால் இடறி ஒரு வாரம் நொண்டியிருக்கிறார். இது போக, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, ரேஷன் கடைக்குப் போகிற வழியில் பள்ளம். ஆளாளுக்கு ஞாபகப்படுத்திச் சொன்னார்கள்.

"அப்பறம் ஏனுங்க ஒண்ணை அழுத்துனீங்க?" என்று கேட்டாள்.

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். "அது ரெக்கார்டுதான்னு தெரியுமுங்க. எங்கூட்டு மோட்டாரையே நான் போன்லதான் ஆன் பண்றேன், மிசினு தெரியாதுங்களா. இருந்தாலும் நீங்க அத்தனை பதவிசாக் கேக்கறீங்க. சாப்ட்டீங்களான்னு வேற கேக்கறீங்க. எடுத்த எடுப்புல மூஞ்சில அடிச்சாப்புல ரெண்டை அழுத்த மனசு வருமுங்களா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் அது எப்படிங்க முடியும் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். ஊரே ஒன்றை அழுத்தியிருந்தது. சென்னைக் குரலாக இருந்திருந்தால் தைரியமாக ரெண்டை அழுத்தியிருப்போம் என்று கூட்டத்தில் ஒருவர் உண்மையைப் போட்டு உடைத்தார்.

திரும்பி வரும்போது காரில் ரியாஸ் மற்ற ஊர்களுக்குச் சும்மா போன் போட்டு, ஒத்தாசை கேட்கிற பாணியில் விசாரித்துப் பார்த்தான். எல்லா இடத்திலும் அதே கதைதான், வேலை முடியாமலே ஒன்றை அழுத்தியிருந்தார்கள். லோகப்பிரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தன் மக்களைத் தன்னைப்போல் யார் அறிவார் என்று நினைத்துத்தானே அந்தக் குரலைக் கொடுத்தாள்? கடைசியில் தன்னைப்போலவே இல்லை என்று சொல்லத் தெரியாத ஒரு மாவட்டத்திடம் போய், நான் நல்லவளா என்று கேட்டுவைத்திருக்கிறாள். அவர்களும் நல்லவள்தான் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

உடனே செயலருக்குப் போன் போட்டாள். சார், ஒரு விஷயமுங்க என்று ஆரம்பிப்பதற்குள் அவர் பிடித்துக்கொண்டார். அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார், மேடைக்குப் பின்னால் வைக்கும் பேனரில் தொண்ணூற்றெட்டு என்ற எண்ணை ஆள் உயரத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறேன், அச்சாகிக்கொண்டிருக்கிறது, அங்கே ஒன்றும் பிரச்சினை இல்லையே என்றார்.

"இல்லீங்க சார்" என்றாள் லோகப்பிரியா.

போனை வைத்ததும் ரியாஸ் அவளைப் பார்த்தான். வாழ்க்கையில் முதன்முதலாக இல்லை என்று சொல்லியிருக்கிறாள், அதையும் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லித் தொலைத்திருக்கிறாள். அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் மறுநாள் காலையில் அவள் செய்த முதல் காரியம், போர்வையை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலி அறைக்குள் போனதுதான். கேள்வியை மாற்றப் பிரிவின் தலைவிக்கு அதிகாரம் உண்டு, யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

"ஏனுங்க, வணக்கமுங்க. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. உங்கூருல இன்னும் என்ன வேலை பாக்கி நிக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க பார்த்துச் சொன்னீங்கன்னா எனக்குப் பெரிய உதவிங்க. மணி அடிச்சதும் சொல்லுங்க."

அன்றைக்கே அது மாவட்டம் முழுக்கப் போனது. சாயங்காலத்துக்குள் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. உதவி என்று கேட்ட பிறகு ஒருவரும் சும்மா இருக்கவில்லை. பதிவான குரல்களைக் கேட்டுக் கேட்டு அலுவலகப் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்று ஊர்களின் குறைகளை ஒரே மூச்சில் சொன்ன ஒருவர், தன் ஊரில் ஒன்றும் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், சாக்கடை மூடி உடைந்ததைச் சொல்லிவிட்டு, அளவு கொடுத்தால் மூடியைத் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். ஓர் அம்மாள் குழாய் ஒழுகுவதைச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் கிடாவெட்டு, கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்திருந்தார். லோகப்பிரியா வழக்கம்போல் வருகிறேன் என்று பதில் அனுப்பச் சொன்னாள்.

திரைதான் பார்க்கச் சகிக்கவில்லை. பச்சை மளமளவென்று உதிர்ந்து, அடுத்த வாரம் புதன்கிழமை பொழுது விடிந்தபோது மாவட்டம் செக்கச்செவேலென்று நின்றது. குறை ஒன்றும் பாக்கி இல்லை என்றவர்கள் நூற்றுக்கு நாற்பத்தொருவர்தான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே செயலர் விமானம் பிடித்து வந்துவிட்டார். மாடிப்படி ஏறி வந்த வேகத்திலேயே அவருடைய மனநிலை தெரிந்தது. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உட்காராமலே பேசினார். கேள்வியை மாற்றியதும் எண் விழுந்திருக்கிறது, கேள்விதான் தப்பு. பழைய கேள்வியை இன்றைக்கே திரும்பப் போடுவோம். வெள்ளிக்கிழமை விழா முடியட்டும், பிரிவு நிரந்தரமாகட்டும், அதற்குப் பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

"ஓகே தானே லோகப்பிரியா?"

சரிங்க சார் என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ரியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போகப்போவது அவனுக்கும்தான். லோகப்பிரியாவுக்கு ஏனோ உச்சி வெயிலில் எரிந்த அந்த விளக்குகள் கண்ணுக்குள் வந்தன.

"இல்லீங்க சார்."

தானா பேசினோம் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தாகிவிட்டது, மீதியும் வந்தது.

"அந்தத் தொண்ணூத்தெட்டும் எனக்குச் செஞ்ச மரியாதைங்க சார். வேலை முடிஞ்சதுக்கு இல்லீங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு அவிய இருட்டுல நடந்துட்டு இருக்கறாங்க. அதை வெச்சு நான் மேடையில கைதட்டு வாங்க முடியாதுங்க."

அவள் மேஜையில் இருந்த கணினியைத் தட்டினாள். நஞ்சப்பனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மணி, நஞ்சப்பன் பேசறனுங்க. ஒத்தாசைன்னு கேட்டீங்க, அதனால சொல்றனுங்க, இல்லாட்டி சொல்லியிருக்க மாட்டேன். லைட்டு இன்னும் பகல்லதானுங்க எரியுது. வந்த பையன் மேல தப்பில்லீங்க, அவரை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. பொறவு அந்தத் தொட்டி மூடி. எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணோணுமுன்னு இல்லீங்க, உங்களுக்கு எப்பத் தோதுப்படுதோ அப்பப் பண்ணுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

செயலர் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டு முடித்ததும் படியிறங்கிப் போய்விட்டார். ரியாஸும் பின்னாலேயே ஓடினான். லோகப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ வாங்கி வைத்திருந்த தேங்காய் பன்னை எடுத்து, யாருடையது என்றுகூடக் கேட்காமல் முழுவதையும் தின்று தீர்த்தாள். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தாள். ஆனால் ஆச்சரியமாக, மனசு லேசாக இருந்தது.

கால்மணி நேரம் கழித்துச் செயலர் மேலே வந்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"கீழ பேக்கரில டீ குடிச்சேன். ஒரே சர்க்கரை, வாயில வைக்க முடியலை. கடைக்காரர் வந்து, டீ நல்லா இருக்குங்களான்னு கேட்டார்" என்று நிறுத்தினார். "சூப்பர்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ரியாஸ் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டான். செயலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த நாற்பத்தொன்று நிஜமான நாற்பத்தொன்றுதானே என்று கேட்டார். நிஜந்தானுங்க என்றாள். இத்தனை வருஷ வேலையில் எல்லோரும் தனக்குத் தொண்ணூறுக்கு மேல்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சிவந்து கிடந்த திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அமைச்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல், டீக்கதை உள்படச் சொன்னார். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மண்டபம் வேண்டாம், வேலாங்காட்டுப்புதூரிலேயே விழாவை வைப்போம், எந்த எண் உண்மையோ அந்த எண்ணோடு மாநிலத்துக்கு அறிவிப்போம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். ஊரே தெருவில் நின்றது. அமைச்சர் வந்து, பேசி, நாற்பத்தொன்று என்று ஒளிக்காமல் சொல்லி, அடுத்த ஊருக்குப் போயும்விட்டார். பிரிவு சரவணம்பட்டியில் நிரந்தரம் என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆள் உயரத் தொண்ணூற்றெட்டு அச்சான பேனரை என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டுவந்திருந்தார்கள். நஞ்சப்பன் அதைக் கேட்டு வாங்கித் தன் சோளத்தட்டுப் போருக்கு மழைக்குப் போர்த்திவிட்டார். தங்கமான பையன் என்று ஊர் சொன்ன அந்த மின்பணியாளர், பெட்டியைத் திறந்து கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, தள்ளி நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இருட்டு கவியத் தொடங்கியதும் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. பெண்கள் குலவையிடாத குறைதான். அன்புக்கரசி சாக்கடை ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேண்டுமென்றே ஒரு நடை நடந்து பார்த்தார். லோகப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நஞ்சப்பனின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். எதிரில் லோகப்பிரியா நின்றுகொண்டிருக்கிறாள், போனுக்குள்ளும் அவளே ஒத்தாசை கேட்கிறாள். அவர் எதிரில் நின்றவளை விட்டுவிட்டு, போனுக்கே பதில் சொன்னார்.

"லைட்டு நல்லா எரியுதுங்க அம்மணி, ரொம்பச் சந்தோசம். ஒத்தாசைன்னு கேக்கறதால சொல்றனுங்க. கடைசிக் கம்பத்து லைட்டு எங்க கட்டுத்தரைக்குள்ளாற நேரா அடிக்குதுங்க. எருமை பொழுது விடிஞ்சுதுன்னு நெனச்சுட்டுப் படுக்கவே மாட்டீங்குது."

சிரித்ததில் செயலருக்குக் கண்ணாடி நழுவியது. துடைத்து மாட்டிக்கொண்டு, எருமைப் புகார் அந்த நிமிஷமே ரியாஸின் திரையில் சிவப்பாக விழுவதைப் பார்த்தார். பார்த்ததும் பழைய வேகம் வந்துவிட்டது. இது போதும், எல்லா மாவட்டத்துக்கும் அந்தந்த ஊர்ப் பேச்சில், அந்தந்த ஊர்க் கேள்வியோடு கொண்டுபோய்விடலாம் என்றார். பொங்கலுக்குள் முடித்துவிடலாம்தானே என்று லோகப்பிரியாவைப் பார்த்தார்.

பொங்கலுக்கு இரண்டே மாதம் இருந்தது. அவள் புதிதாக எரிகிற விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"முடியாதுங்க சார். ஒவ்வொரு ஊருலயும் போய் உக்காந்து சாப்பிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்கோணும். சித்திரைக்கு முடிச்சுத் தர்றனுங்க."

ரியாஸ் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, ரெண்டாம் நம்பர் பட்டன் வேலை செய்யுதுங்க மேடம் என்றான். செயலர் வாதாட வாயைத் திறந்தார். அதற்குள் அன்புக்கரசி வந்து, இலை போட்டாயிற்று, எல்லோரும் கை கழுவுங்கள் என்று கூப்பிட்டார்.

செயலர் லோகப்பிரியாவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.